நிக்சன் வீட்டுக்கு எடுத்துப்போக நினைத்த பெட்டிகள்

1971 ஏப்ரல் 28ஆம் தேதி அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் ஹென்றி கிஸ்ஸிஞ்சர் தன் அதிபர் நிக்சனுக்கு ஒரு குறிப்பு அனுப்பினார். கிழக்குப் பாகிஸ்தானில், டாக்காவில், பாகிஸ்தான் ராணுவம் சுட ஆரம்பித்து ஒரு மாதம் ஆகியிருந்தது. அமெரிக்காவுக்கு முன்னால் இருக்கும் மூன்று வழிகளை அந்தக் குறிப்பு சொன்னது: மேற்குப் பாகிஸ்தான் என்ன செய்தாலும் கூடவே நிற்பது, யார் பக்கமும் சாயாமல் ஒதுங்கி இருப்பது, பாகிஸ்தான் அதிபர் யாஹ்யா கான் ஒரு சமரசத்துக்கு வர உதவுவது. ரிச்சர்ட் நிக்சன் மூன்றாவது வழியைத் தேர்ந்தெடுத்துக் கையெழுத்திட்டுவிட்டு, கீழே பேனாவால் ஒரு வரி எழுதினார்: "எல்லோருக்கும்: கூடாது, இப்போதைக்கு யாஹ்யாவை நெருக்கக் கூடாது." மறுக்கும் சொல்லுக்கு அடியில் மூன்று கோடுகள்.

அந்தக் காகிதத்தின் ஸ்கேன் பிரதியை என் வீட்டுக் கணினியில் திறந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஊர் ஊராக மனிதர்கள் கொல்லப்பட்ட மாதம் அது. லட்சக்கணக்கானவர்கள் எல்லை தாண்டி இந்தியாவுக்குள் நடந்து வந்துகொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் ஒரு மனிதர் நிதானமாக மூன்று முறை கோடு போட்டிருக்கிறார். கோபம் வராமல் இருக்குமா? கோபம் கொஞ்சம் அடங்கிய பிறகு வேறொரு கேள்வி வந்தது. தனக்கே எதிராகச் சாட்சி சொல்லும் இந்தக் காகிதத்தை நிக்சன் ஏன் விட்டுவைத்தார்? அது எப்படி இங்கே, எனக்குப் பார்க்கக் கிடைக்கிறது?

அவர் விட்டுவைக்கவில்லை, விட்டுவைக்கும்படி கட்டாயப்படுத்தப்பட்டார் என்பதுதான் பதில். அந்தக் கதையைத் தமிழில் யாரும் விரிவாக எழுதி நான் பார்த்ததில்லை. அதனால் நானே எழுதுகிறேன்.

அமெரிக்காவில் ஏறக்குறைய 200 வருடம், அதிபரின் காகிதங்கள் அதிபருடைய சொந்தச் சொத்து என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஜார்ஜ் வாஷிங்டன் பதவி முடிந்ததும் தன் காகிதங்களை மவுண்ட் வெர்னன் பண்ணைக்குக் கொண்டுபோனார். அடுத்து வந்தவர்களும் அப்படியே செய்தார்கள். வாஷிங்டனுடைய காகிதங்கள் அவருடைய சகோதரர் மகனுக்குப் போய், அங்கிருந்து கடனாகக் கைமாறி, எலி கடித்தும் ஈரத்தில் நைந்தும் போயின. அவற்றைப் பதிப்பிக்க வந்த ஜாரட் ஸ்பார்க்ஸ் என்ற அறிஞர், வாஷிங்டன் தன் முதல் பதவியேற்புக்காக எழுதிவைத்து, பிறகு பேசாமல் விட்ட உரையைத் துண்டு துண்டாக வெட்டி, கையெழுத்து சேகரிப்பவர்களுக்கு நினைவுப் பொருளாகக் கொடுத்தார். அதைச் செய்தவர் ஒரு வரலாற்றாசிரியர் என்பதை இன்றுவரை என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

மற்றவர்கள் கதையும் இப்படித்தான். செஸ்டர் ஆர்தர் சாவதற்குச் சற்று முன் தன் காகிதங்களில் பெரும்பகுதியை எரிக்கச் சொல்லிவிட்டார். மில்லர்ட் ஃபில்மோரின் மகன், அப்பாவின் கடிதங்களை எரிக்கும்படி உயில் எழுதிவைத்தார். யாரோ அந்த உயிலை மீறியதால் 1908இல் பஃபலோ நகரத்து வீடொன்றின் பரணில் அவை கிடைத்தன. ஆபிரகாம் லிங்கனின் காகிதங்களை அவருடைய மகன் ராபர்ட், தான் இறந்து 21 வருடம் ஆன பிறகுதான் திறக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு நாடாளுமன்ற நூலகத்துக்குக் கொடுத்தார். அவர் 1926 ஜூலையில் இறந்தார். 1947 ஜூலை 26 பிறந்த நள்ளிரவில், லிங்கனின் வாழ்க்கையை ஆராய்ந்தவர்கள் கூடி நின்று அந்தப் பெட்டகங்களைத் திறந்தார்கள். வாரன் ஹார்டிங் பதவியிலேயே இறந்தபோது, மனைவி ஃப்ளாரன்ஸ் கைக்குக் கிடைத்ததில் நிறைய எரித்துவிட்டார். ஒரு நாட்டின் நினைவு என்ன ஆகும் என்பதை விதவைகளும் மகன்களும் முடிவு செய்த காலம் அது. அவர்களைக் குறை சொல்ல முடியாது. அப்பாவின் கடிதத்தை ஊர் படிப்பதை எந்த மகன் விரும்புவான்?

இதை முதலில் மாற்றியவர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட். நியூயார்க் மாநிலத்தில் ஹைட் பார்க் என்ற ஊரில் தன் குடும்ப நிலத்தில் ஒரு பகுதியைக் கொடுத்து, நன்கொடைப் பணத்தில் நூலகம் கட்டி, காகிதங்களோடு சேர்த்து அரசிடம் ஒப்படைத்தார். 1941 ஜூனில் அது திறந்தது. 1955இல் இதற்கென்று தனிச் சட்டம் வந்தது. ட்ரூமனுக்கு மிசௌரியில், ஹூவருக்கு அயோவாவில், ஜான்சனுக்கு டெக்சாஸில் என்று அடுத்தடுத்து நூலகங்கள் எழும்பின. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இவை எல்லாமே தானம். அதிபர் மனமுவந்து கொடுத்தால் உண்டு, கொடுக்காவிட்டால் இல்லை. எதைக் கொடுப்பது, எதை எத்தனை வருடம் மூடிவைப்பது என்பதையும் அவரே சொல்லலாம்.

தானம் என்ற அந்த ஏற்பாட்டில் ஒரு வரிச்சலுகையும் இருந்தது. நிக்சன் துணை அதிபராக இருந்த காலத்துத் தன் காகிதங்களைத் தேசிய ஆவணக் காப்பகத்துக்குத் தானம் செய்து, அவற்றின் மதிப்பு 576,000 டாலர் என்று கணக்குக் காட்டி வரியில் கழித்துக்கொண்டார். 1969 ஜூலை 25க்குப் பிறகு கொடுத்த தானத்துக்கு இந்தச் சலுகை கிடையாது என்று சட்டம் மாறியிருந்தது. தானப் பத்திரம் 1970இல் எழுதப்பட்டு, 1969 மார்ச் தேதி போடப்பட்டிருந்தது தெரியவந்தது. 1974இல் அவர் 4 லட்சம் டாலருக்கு மேல் வரிபாக்கி கட்ட வேண்டியதாயிற்று. காகிதத்துக்கு விலை உண்டு என்பதை நிக்சனை விட நன்றாகத் தெரிந்துவைத்திருந்த அதிபர் யாரும் இல்லை.

இனி டேப்புகளுக்கு வருவோம்.

நிக்சன் பதவிக்கு வந்ததும், முந்தைய அதிபர் ஜான்சன் வைத்திருந்த ஒலிப்பதிவுக் கருவிகளைக் கழற்றி எறியச் சொன்னார். இரண்டு வருடம் கழித்து, 1971 பிப்ரவரியில், தானே புதிதாக வைத்துக்கொண்டார். ஓவல் அலுவலகத்தில் அவருடைய மேஜைக்குள் ஐந்து மைக், கணப்படுப்புப் பக்கம் இரண்டு. பிறகு அமைச்சரவை அறை, பக்கத்துக் கட்டடத்தில் இருந்த அவருடைய தனி அலுவலகம், தொலைபேசிகள், அதிபரின் ஓய்வில்லமான கேம்ப் டேவிட் என்று விரிந்தது. ஜான்சன் எந்த அழைப்பைப் பதிவு செய்ய வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் தானே சொன்னார். நிக்சனுக்கு இயந்திரங்கள் பழக்கம் இல்லை என்பதால், குரல் கேட்டால் தானாகவே ஓடும்படி அமைத்துவிட்டார்கள். கொஞ்ச நாளில் எல்லோரும் அதை மறந்துபோனார்கள். 1973 ஜூலை வரை சுமார் 3,700 மணி நேரம் ஓடியிருக்கிறது.

அவற்றில் சிலதை நான் கேட்டிருக்கிறேன். கேட்பது சுலபம் இல்லை. செலவைக் குறைக்க மெல்லிய டேப்பை மிக மெதுவாக ஓட விட்டிருக்கிறார்கள். காபிக் கோப்பையைத் தட்டில் வைத்தால் மேஜைக்குள் இருக்கும் மைக்குக்கு அது இடி மாதிரி விழுகிறது. நிக்சன் மேஜையைத் தட்டிப் பேசும்போது இரண்டு வார்த்தை தொலைந்துபோகிறது. யாரோ உள்ளே வருகிறார், யார் என்று தெரியவில்லை, கதவு சாத்தும் சத்தம், பிறகு நீண்ட முணுமுணுப்பு. காப்பகத்தில் இருந்தவர்கள் இத்தனையையும் வருடக்கணக்கில் உட்கார்ந்து கேட்டு, எந்த நாள், எந்த அறை, யார் உள்ளே வந்தார், எப்போது வெளியே போனார், எதைப் பற்றிப் பேசினார்கள் என்று உரையாடல் வாரியாகப் பட்டியல் போட்டு வைத்திருக்கிறார்கள். அந்தப் பட்டியல் இல்லாவிட்டால் அந்த 3,700 மணி நேரமும் வெறும் இரைச்சல்தான். அவர்கள் பெயர் எந்தப் பாடப் புத்தகத்திலும் வராது. எனக்கு அவர்கள் மேல் இருக்கும் மரியாதையைச் சொல்ல வார்த்தை போதாது.

1973 ஜூலை 16 அன்று வெள்ளை மாளிகையில் முன்பு வேலை பார்த்த அலெக்சாண்டர் பட்டர்ஃபீல்ட், எதிர்க்கட்சி அலுவலகத்துக்குள் ஆட்கள் புகுந்த வாட்டர்கேட் திருட்டை விசாரித்த செனட் குழு முன்னால், தொலைக்காட்சியில் நாடே பார்த்துக்கொண்டிருக்க, இந்த ரகசியத்தை உடைத்தார். அப்போது நிக்சன் நிமோனியாவோடு மருத்துவமனையில் இருந்தார். எரித்துவிடுங்கள் என்று கூட இருந்த சிலர் சொன்னார்கள். அவர் எரிக்கவில்லை. அவை தன் சொத்து, தன்னைக் காப்பாற்றும் ஆதாரம் என்று நம்பினார் போலிருக்கிறது. அடுத்த வருடம் ஜூலை 24 அன்று உச்ச நீதிமன்றம் 8-0 என்ற கணக்கில், கேட்ட டேப்புகளை ஒப்படைக்கச் சொல்லித் தீர்ப்பளித்தது. வாட்டர்கேட் திருட்டு நடந்து ஆறாவது நாளிலேயே, சிஐஏவைக் கொண்டு எஃப்பிஐயின் விசாரணையைத் தடுக்க அவர் ஒப்புக்கொண்டது 1972 ஜூன் 23 டேப்பில் இருந்தது. 1974 ஆகஸ்ட் 9 அன்று ராஜினாமா.

அந்த மாதிரி இன்னொரு டேப்பில், 1972 ஜூன் 20 தேதியிட்டதில், பதினெட்டரை நிமிடம் வெறும் ரீங்காரம். செயலாளர் ரோஸ் மேரி வுட்ஸ், தொலைபேசியை எடுக்கப்போனபோது தவறுதலாக ஐந்து நிமிடம் வரை தான் அழித்திருக்கலாம் என்றார். நீதிமன்றம் அமர்த்திய நிபுணர்கள், குறைந்தது ஐந்து முறை தனித்தனியாக அழிக்கப்பட்டிருக்கிறது என்றார்கள். பல வருடம் கழித்துப் புதிய தொழில்நுட்பம் வைத்தும் காப்பகம் முயன்று பார்த்தது. ஒரு வார்த்தையும் மீளவில்லை.

எனக்கு மிக முக்கியமாகப் படும் நாள் ராஜினாமா நாள் இல்லை. அதற்கு அடுத்த மாதம், 1974 செப்டம்பர் 8. அன்றுதான் புதிய அதிபர் ஜெரால்ட் ஃபோர்ட், நிக்சனுக்கு முழு மன்னிப்பு அறிவித்தார். உலகமே அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, கூடவே இன்னொரு காகிதமும் வெளியானது. அரசுச் சொத்துகளை நிர்வகிக்கும் துறையின் தலைவர் ஆர்தர் சாம்ப்சனும் நிக்சனும் செய்துகொண்ட ஒப்பந்தம். அதன்படி எல்லாக் காகிதங்களும் கலிஃபோர்னியாவில் நிக்சன் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு கட்டடத்துக்குப் போகும். இரண்டு சாவி. ஒன்று அவரிடம், ஒன்று அரசிடம். மூன்று வருடம் கழித்து எந்தக் காகிதத்தையும் அவர் எடுத்துக்கொண்டு போகலாம். டேப்புகளை ஐந்து வருடத்துக்குப் பிறகு அவர் சொல்கிறபடி அழிக்க வேண்டும். 1984 செப்டம்பர் 1 அன்றோ அவர் இறக்கும்போதோ, எது முதலில் வருகிறதோ அப்போது, மிச்சம் இருக்கும் டேப்புகள் எல்லாவற்றையும் அழித்துவிட வேண்டும்.

நிக்சன் இறந்தது 1994இல். அந்த ஒப்பந்தம் நிறைவேறியிருந்தால், அதற்குப் பத்து வருடம் முன்பே ஒரு டேப்கூட மிஞ்சியிருக்காது.

அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் அவசர அவசரமாகச் சட்டம் போட்டு, டிசம்பர் மாதமே அதை நிறுத்தியது. நிக்சனின் காகிதங்களையும் டேப்புகளையும் அரசு கையகப்படுத்தும், அவை வாஷிங்டன் வட்டாரத்தை விட்டு வெளியே போகக் கூடாது, வாட்டர்கேட் என்ற பெயரில் அறியப்படும் அதிகார முறைகேடுகளின் முழு உண்மையும் முடிந்தவரை சீக்கிரம் மக்களுக்குத் தெரிய வேண்டும் என்றது அந்தச் சட்டம். ஒரே ஒரு மனிதருக்காகப் போட்ட சட்டம். நிக்சன் மறுநாளே வழக்குப் போட்டார். என் அந்தரங்கம், என் குடும்பக் கடிதங்கள், என் ஆலோசகர்கள் என்னை நம்பிச் சொன்னவை, இவற்றை யாரோ ஊழியர்கள் துழாவுவதா என்பது அவருடைய வாதம். எனக்கு அவர் மேல் பிரியம் இல்லை. ஆனாலும் இது அற்ப வாதம் என்று தள்ளிவிட மாட்டேன். மனைவிக்கு எழுதிய கடிதமும் அந்தப் பெட்டிகளுக்குள்தான் இருந்தது.

1977 ஜூன் 28 அன்று உச்ச நீதிமன்றம் 7-2 என்ற கணக்கில் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பில் என் மனத்தில் பதிந்தது ஒரு எண்ணிக்கை. மொத்தம் 4 கோடியே 20 லட்சம் பக்கங்கள், 880 டேப்புகள். இந்தக் காகிதக் குவியலில் நிக்சன் தானே எழுதியதோ பார்த்ததோ அதிகபட்சம் 2 லட்சம் உருப்படிகள்தான். மற்றதெல்லாம் ஆயிரக்கணக்கான அரசு ஊழியர்கள், அரசுச் சம்பளத்தில், அரசு நேரத்தில் எழுதியது. அதை எப்படி ஒருவர் வீட்டுச் சொத்து என்பது? சொந்தக் கடிதங்களைக் காப்பக ஊழியர்கள் பிரித்துத் திருப்பித் தர வேண்டும், அந்த வேலையை அவர்கள் அடக்கமாகச் செய்து பழகியவர்கள் என்றது நீதிமன்றம். அப்படியே குடும்ப விஷயமான பகுதிகளைப் பிரித்துத் திருப்பியும் கொடுத்தார்கள்.

மறுவருடமே, 1978இல், எல்லா அதிபர்களுக்குமான சட்டம் வந்தது. 1981 ஜனவரி 20 முதல் பதவிக்கு வருகிறவர்களின் அலுவல் காகிதங்கள் பிறந்த கணத்திலிருந்தே அமெரிக்க மக்களின் சொத்து. ரீகன்தான் இதன்கீழ் வந்த முதல் அதிபர். பதவி விலகி ஐந்து வருடம் ஆன பிறகு யார் வேண்டுமானாலும் கேட்கலாம், சில வகைகளை மட்டும் 12 வருடம் வரை மூடி வைக்கலாம்.

சட்டம் வந்தால் கதவு திறந்துவிடும் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். நிக்சன் கடைசி மூச்சு வரை வழக்காடினார். விசாரணையில் வெளியிட்ட 12½ மணி நேர டேப்புகளை 1980இல் மக்கள் கேட்க விட்டார்கள். அரசு வழக்கறிஞர்கள் கேட்டு வாங்கியிருந்த இன்னும் 60 மணி நேரம் 1991இல். அதோடு நின்றது. ஸ்டான்லி கட்லர் என்ற வரலாற்றுப் பேராசிரியர் காப்பகத்தின் மேலேயே வழக்குப் போட்டு, 1996இல் ஒரு சமரசத்துக்குக் கொண்டுவந்த பிறகுதான் முறைகேடுகள் பற்றிய 201 மணி நேரம் வெளியானது. மிச்சம் தவணை தவணையாக வந்து 2013இல் முடிந்தது. இன்று ஏறத்தாழ 3,000 மணி நேரத்தைக் கேட்கலாம். இன்னொரு பக்கம், கையகப்படுத்தியதற்கு நஷ்டஈடு வேண்டும் என்ற வழக்கில், 2000இல் நிக்சனின் வாரிசுகளுக்கு அமெரிக்க அரசு 1 கோடியே 80 லட்சம் டாலர் கொடுத்தது. பழைய வழக்கப்படி அவை அவர் சொத்துதானே என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லியிருந்தது. சட்டப்படி சரியாக இருக்கலாம். என் மனம் ஏற்கவில்லை.

கலிஃபோர்னியாவின் யோர்பா லிண்டாவில், நிக்சன் பிறந்த வீட்டை ஒட்டி, அவருடைய ஆதரவாளர்கள் 1990இல் ஒரு தனியார் நூலகம் கட்டினார்கள். உள்ளே அசல் காகிதங்கள் இல்லை. வாட்டர்கேட் பற்றிய கண்காட்சி, அது எதிரிகள் செய்த சதி என்ற தொனியில் இருந்தது. 2007இல் அரசு அந்த நூலகத்தை ஏற்றுக்கொண்டது. முதல் அரசு இயக்குநராக வந்த வரலாற்றாசிரியர் டிமோத்தி நஃப்தாலி பழைய கண்காட்சியை அகற்றிவிட்டு, டேப்புகளையும் காகிதங்களையும் அடிப்படையாக வைத்துப் புதிதாக அமைத்தார். நிக்சன் ஆதரவாளர்களிடமிருந்து பலத்த எதிர்ப்பு. 2011 மார்ச் கடைசியில் அது திறந்தது. நிக்சனின் பெயர் தாங்கிய கட்டடத்திலேயே நிக்சன் செய்ததை நிக்சன் குரலிலேயே கேட்கலாம் என்ற நிலைக்கு வர 37 வருடம் பிடித்திருக்கிறது.

சரி, நமக்கு இதில் என்ன? நமக்கு இதில் 1971 இருக்கிறது.

அம்மா வீட்டில் ஒரு பழைய கடிதக் கட்டு உண்டு. அந்தக் காலத்து உறைகளில், வழக்கமான தபால்தலைக்குப் பக்கத்தில் அகதிகள் நிவாரணம் என்று அச்சடித்த 5 பைசா தலை ஒன்று கூடுதலாக ஒட்டியிருக்கும். 1971 நவம்பர் 15 முதல் கடிதம் போடுகிற ஒவ்வொருவரும் அதை ஒட்டியாக வேண்டும். கிழக்கு வங்காளத்திலிருந்து வந்த ஏறக்குறைய ஒரு கோடிப் பேருக்குச் சோறு போட, பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்த விஷயத்தை எழுதிய கடிதமும் 5 பைசா கொடுத்திருக்கிறது.

அதற்குப் பத்து நாள் முன்னால், நவம்பர் 5 காலையில், ஓவல் அலுவலகத்தில் நிக்சனும் கிஸ்ஸிஞ்சரும் பேசிக்கொண்டது டேப்பில் இருக்கிறது. முந்தைய நாள்தான் இந்திரா காந்தி வெள்ளை மாளிகைக்கு வந்திருந்தார். வரவேற்பில் நிக்சன் இந்தியாவில் நேர்ந்த இயற்கைச் சீற்றத்துக்கு அனுதாபம் சொல்லிவிட்டு அகதிகளைப் பற்றி வாயே திறக்கவில்லை. இந்திரா தன் பதிலுரையில், இயற்கையின் சீற்றத்தோடு மனிதன் உண்டாக்கிய பெரும் துயரமும் சேர்ந்துகொண்டது என்று சொன்னார். மறுநாள் காலை, அந்தக் கிழட்டுச் சூனியக்காரியிடம் எவ்வளவு குழைந்தோம் என்கிறார் நிக்சன். கிஸ்ஸிஞ்சர் இந்தியர்களைச் சொன்ன வசவை நான் இங்கே எழுதப் போவதில்லை. 2005இல் இது வெளியானதும், பனிப்போர்க் காலச் சூழலில் பேசியது, வருந்துகிறேன் என்று கிஸ்ஸிஞ்சர் ஓர் இந்தியத் தொலைக்காட்சியில் சொன்னார். 2020இல், முன்பு வெட்டியிருந்த பகுதிகளும் வெளியாயின. இந்தியப் பெண்களின் தோற்றத்தைப் பற்றி நிக்சன் பேசிய அருவருப்பான பேச்சு அதில் இருந்தது.

வசவுகள்தான் செய்தியாயின. எனக்கு அதைவிட முக்கியமாகத் தெரிவது அதே பெட்டிகளில் இருக்கும் மற்றவை. டாக்காவில் அமெரிக்கத் தூதரக அதிகாரியாக இருந்த ஆர்ச்சர் பிளட்டும் உடனிருந்தவர்களும் 1971 ஏப்ரல் 6 அன்று அனுப்பிய தந்தி இருக்கிறது. ஜனநாயகம் நசுக்கப்படுவதை நம் அரசு கண்டிக்கவில்லை, கொடுமைகளைக் கண்டிக்கவில்லை என்று 20 பேர் கையெழுத்திட்டுச் சொன்ன தந்தி. பிளட் அங்கிருந்து மாற்றப்பட்டார். அவருடைய எச்சரிக்கை போய்ச் சேர்ந்தது, படிக்கப்பட்டது என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. எங்களுக்குத் தெரியாது என்று யாரும் இனி சொல்ல முடியாது. டிசம்பரில் போர் மூண்டபோது, ஜோர்டானும் ஈரானும் தங்கள் போர் விமானங்களைப் பாகிஸ்தானுக்கு அனுப்ப வழி செய்யலாமா, அது அமெரிக்கச் சட்டத்துக்கு விரோதமாயிற்றே என்று பேசிக்கொண்டதும், எண்டர்பிரைஸ் என்ற விமானந்தாங்கிப் போர்க்கப்பலை வங்கக் கடலுக்கு அனுப்பியதும் பதிவாகி இருக்கின்றன.

இத்தனையும் அவர்கள் பக்கத்துக் காகிதம். நம் பக்கத்துக் காகிதம் எங்கே?

கொஞ்சம் இருக்கிறது. இந்திராவின் செயலாளராக இருந்த பி.என். ஹக்சரின் காகிதங்கள் டெல்லி தீன்மூர்த்தி பவனில் இருக்கின்றன. 1971 பற்றி எழுதுகிறவர்கள் அங்கேதான் போகிறார்கள். ஆனால் 2022 டிசம்பரில், இந்தியத் தேசிய ஆவணக் காப்பகத்தின் தலைமை இயக்குநரே வெளிப்படையாகச் சொன்னார்: 1962, 1965, 1971 போர்களின் ஆவணங்கள் எங்களிடம் இல்லை, பசுமைப் புரட்சியின் ஆவணங்கள்கூட இல்லை, துறைகள் அனுப்பவே இல்லை. 25 வருடம் கடந்தவற்றைக் காப்பகத்துக்கு அனுப்ப நம்மிடமும் 1993ஆம் வருடத்துச் சட்டம் இருக்கிறது. இருந்தும் இந்த நிலைமை.

அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. பசுமைப் புரட்சி நம் வீட்டு விஷயம். அதை முன்னால் நின்று நடத்திய உணவு அமைச்சர் பொள்ளாச்சிப் பக்கத்துக்காரர், சி. சுப்பிரமணியம். 1965 நவம்பரில் ரோம் நகரில் அவரும் அமெரிக்க விவசாய அமைச்சர் ஆர்வில் ஃப்ரீமனும் சத்தமில்லாமல் ஒரு உடன்பாட்டுக்கு வந்தார்கள். அதற்குப் பிறகும் பி.எல். 480 என்ற அமெரிக்க உணவு உதவித் திட்டத்தின் கோதுமையை அதிபர் ஜான்சன் மொத்தமாக அனுமதிக்காமல், இந்தியா விவசாயத்துக்கு என்ன செய்கிறது என்று பார்த்துப் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாகவே விடுவித்துக்கொண்டிருந்தார். ஆஸ்டின் நகரில் இருக்கும் ஜான்சன் நூலகத்தில் அமெரிக்கப் பக்கத்துக் கடிதங்களும் குறிப்புகளும் அடுக்கடுக்காகச் சிவப்புப் பெட்டிகளில் இருக்கின்றன. ரேஷன் கடையில் என் தாத்தா வரிசையில் நின்ற வருடத்தின் கதையைத் தெரிந்துகொள்ள டெக்சாஸ் போக வேண்டும். சி.எஸ். தன் அதிகாரிகளோடு என்ன பேசினார், எதற்கு மறுத்தார், எங்கே விட்டுக்கொடுத்தார் என்பது நம் துறைகளின் அலமாரிகளில் எங்கேயோ கிடக்கிறது, அல்லது கிடக்கவில்லை.

அமெரிக்கச் சட்டத்தில் ஓட்டை இல்லை என்று சொல்ல வரவில்லை. மீறினால் என்ன தண்டனை என்று அந்த 1978 சட்டம் அழுத்திச் சொல்லவில்லை. 1989இல் ரீகன் பதவியிறங்கும் நேரத்தில் வெள்ளை மாளிகை மின்னஞ்சல்களை அழிக்கப் போகிறார்கள் என்று தெரிந்து, ஒரு தனியார் ஆய்வு அமைப்பு நீதிமன்றம் ஓடித்தான் தடுத்தது. டொனால்ட் ட்ரம்ப் முதல் ஆட்சியில் கிழித்துப்போட்ட காகிதங்களை ஊழியர்கள் செலோடேப் போட்டு ஒட்டினார்கள். பிறகு அவருடைய ஃப்ளோரிடா வீட்டிலிருந்து 15 பெட்டிகளைக் காப்பகம் 2022 ஜனவரியில் திரும்பப் பெற்றது, ஆகஸ்டில் எஃப்பிஐ சோதனை போட்டது, வழக்கு வந்தது, 2024இல் நீதிபதி அதைத் தள்ளுபடி செய்தார். இருந்தாலும் அந்தப் பெட்டிகள் இருக்கக் கூடாத இடத்தில் இருக்கின்றன என்று ஒரு காப்பகத்தால் கேட்க முடிந்தது. ஐந்து தலைமுறைக்கு முன்னால் அந்தக் கேள்வியே எழுந்திருக்காது.

காப்பகக் கோப்புகளில் எனக்குப் பிடித்த ஒரு வழக்கம் உண்டு. பாதுகாப்புக் காரணத்துக்காக ஒரு காகிதத்தை எடுத்துவிட்டால், எடுத்த காகிதங்களின் விவரத்தை ஒரு தாளில் குறித்து அதே கோப்பில் வைத்துவிடுவார்கள். யார் யாருக்கு எழுதியது, என்ன தேதி, எத்தனை பக்கம், எதற்காக மறைத்திருக்கிறோம். அதைப் பார்த்து, இதை மறுபரிசீலனை செய்யுங்கள் என்று எழுதிக் கேட்கலாம். 2020இல் வெளியான பகுதிகள் ஓர் ஆய்வாளர் அப்படி விடாமல் எழுதிக் கேட்டதால் வந்தவைதான். நம் துறைகளும் முதல் படியாக இதையாவது செய்யலாம். கோப்பைத் திறக்க வேண்டாம். என்னென்ன கோப்பு இருக்கிறது என்று தலைப்புப் பட்டியலை மட்டும் வெளியிடட்டும். 1971க்கும், 1965-66 உணவு நெருக்கடிக்கும்.

படிக்க விரும்புகிறவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். நேராக டேப்புக்குப் போக வேண்டாம், சலித்துவிடும். அமெரிக்க வெளியுறவுத் துறை தன் பழைய ஆவணங்களை வருட வரிசையில் தொகுத்து இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. அதில் 1971 தெற்காசிய நெருக்கடிக்கென்று தனித் தொகுதி இருக்கிறது. முதலில் நவம்பர், டிசம்பர் உரையாடல்களின் எழுத்து வடிவத்தை அதில் படியுங்கள். பிறகு நிக்சன் நூலகத்தின் தளத்தில் அதே தேதி டேப்பை ஹெட்ஃபோன் போட்டுக் கேளுங்கள். படித்த கையோடு கேட்டால் பெரும்பகுதி பிடிபடும். இந்த உரையாடல்களைத் தமிழில் கொண்டுவர யாராவது முன்வந்தால் சொல்லுங்கள். ஏப்ரல் 28 குறிப்பை நான் ஏற்கெனவே தமிழில் எழுதி முடித்துவிட்டேன், பிளட்டின் தந்தியில் பாதி ஆகியிருக்கிறது.